‘இதுல இனிமே ஒண்ணும் ஏறாது’ என்பவர்களுக்கு

பழைய லினக்ஸ் கணினி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூணாறிலோ அடிமாலியிலோ போடியிலோ பழுதுபார்க்கும் கடைக்குப் போனால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "இது ரொம்பப் பழசு. இதுல இனிமே ஒண்ணும் ஏறாது. அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுடலாம்." மூணாறை அடுத்த எங்கள் சித்திரபுரம் வட்டாரத்தில் இது வேதவாக்காகிவிட்டது. கடைக்காரர் சொல்கிறார், ஆசிரியர் நம்புகிறார், பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். ஒரு மென்பொருளை நிறுவப் போய்த் திரையில் நாலு வரி பிழைச்செய்தி வந்துவிட்டால் கணினியின் ஆயுளே முடிந்தது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிடுகிறோம். அந்த நாலு வரியை மட்டும் யாரும் படிப்பதில்லை.

இந்த முடிவு தவறு. தொழில்நுட்பப்படி தவறு, செலவுக் கணக்கிலும் தவறு. தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பை வைத்துப் பார்த்தால் அநியாயமும்கூட.

இந்தப் பேச்சு ஏன் சித்திரபுரத்துக்கு முக்கியம் என்று கேட்கலாம். கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்வி லினக்ஸில்தான் நடக்கிறது. 2001-இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-இல் அதுவே ‘கைட்’ என்ற அரசு நிறுவனமானது. உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட பள்ளி இயங்குதளத்தை 2019-இல் வெளியிட்டபோது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது ஏறும் என்றும், உரிமக் கட்டணமாகப் போயிருக்க வேண்டிய 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் அந்த நிறுவனம் சொன்னது. மாநிலம் முழுவதற்குமான அந்த முடிவின் பலன் தேவிகுளம் தாலுகாவின் தமிழ்வழி வகுப்புகளுக்கும் வந்து சேர்ந்தது. ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஜியோஜீப்ரா, பைத்தான், லிப்ரே ஆபீஸ் எல்லாம் எங்கள் பிள்ளைகளின் பாடத்தில் இருப்பவை. மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. தேனியிலும் போடியிலும் இருக்கும் மாமன் மகன், சித்தி மகள் படித்து முடித்த மடிக்கணினிகள் கைமாறி இந்த மலைக்கு ஏறி வந்திருக்கின்றன.

ஆக, பழைய லினக்ஸ் கணினி என்பது இங்கே யாரோ ஓரிருவரின் பொழுதுபோக்குச் சாமான் இல்லை. பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி, ஒரே கணினி. அதைச் செத்ததாக அறிவிப்பதற்கு முன் நாடி பிடித்துப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

பிழைச்செய்தி என்றால் என்ன? உபுண்டுவிலும் டெபியனிலும் ‘ஆப்ட்’ என்ற கருவிதான் மென்பொருள் பொதிகளை இணையக் களஞ்சியத்திலிருந்து இறக்கி நிறுவுகிறது. அதற்குள் இருந்து பொதியைப் பிரித்து வைக்கும் வேலையை ‘டிபிகேஜி’ செய்கிறது. இந்த இரண்டும் தோற்றுப் போகும்போது, ஏன் தோற்றோம் என்று எழுதிவிட்டுத்தான் நிற்கின்றன. களஞ்சியம் அந்த முகவரியில் இல்லை என்கிறது ஒரு செய்தி. கையொப்பத்தைச் சரிபார்க்கச் சாவி இல்லை என்கிறது இன்னொன்று. இந்தப் பொதிக்குத் துணையாக வேண்டிய வேறொரு பொதி கிடைக்கவில்லை, போன தடவை வேலை பாதியில் நின்றுவிட்டது, வன்தட்டில் இடமில்லை என்று மற்றவை. இப்படிக் காரணத்தைத் தானே எழுதித் தரும் இயந்திரத்தைப் பார்த்து ‘ஒண்ணும் ஏறாது’ என்று சொல்வது நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே இறப்புச் சான்றிதழ் எழுதும் வேலை.

ஒரு கணினியைக் கிட்டத்தில் வைத்துச் சொல்கிறேன். தமிழ்வழி ஆசிரியை ஒருவர் வீட்டில் வைத்திருந்த மேசைக்கணினி. அதில் பள்ளி இயங்குதளத்தின் 18.04 பதிப்பு. தமிழ்99 விசைப்பலகைக்காக ஐபஸ் எம்17என் என்ற சிறு பொதியை நிறுவ அவர் முயன்றார், வரவில்லை. கடையில் கேட்டார். "டீச்சர், இந்த லினக்ஸ்ல தமிழ் எல்லாம் வராது. விண்டோஸ்தான்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் என்னிடம் கொண்டுவந்தபோது நான் முதலில் பார்த்தது திரையின் மேல் விளிம்பிலிருந்த தேதியை. 2018 ஜனவரி 28 என்று இருந்தது.

அந்தத் தேதிக்கு ஒரு காரணம் உண்டு. தாய்ப்பலகையில் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால் கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே ஓடிவிடும். 18.04-இல் இருக்கும் சிஸ்டம்டி என்ற தொடக்க நிரல், அது அளவுக்கு மீறிப் பின்னே போகாமல், தன் பதிப்பு வெளிவந்த நாளுக்குக் கொண்டுவந்து நிறுத்திவைக்கும். அந்த நாள்தான் 2018 ஜனவரி 28. இணைய நேரத்தோடு தானாக ஒத்துப்போகும் வசதியை யாரோ அணைத்து வைத்திருந்ததால் கடிகாரம் அங்கேயே நின்றது. இப்போது ஆப்ட் களஞ்சியத்திடம் போகிறது. அங்கே இருக்கும் பட்டியலில் அதற்கு ஆண்டுகள் பிந்திய தேதி. ‘இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகும் காலத்துக்கு வரவில்லை’ என்று ஆப்ட் எழுதிவிட்டு நிற்கிறது. வருங்காலத்துத் தேதியிட்ட காசோலையை வங்கி திருப்பி அனுப்பினால் யாரும் வங்கி திவால் என்று சொல்வதில்லை. ஆப்ட் செய்தது அவ்வளவு நியாயமான காரியம்.

கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் சிஆர்2032 பேட்டரி ஒன்றை மாற்றித் தேதியைச் சரிசெய்ததும் அந்தச் செய்தி போய்விட்டது. அடுத்து 404 வந்தது: கேட்ட கோப்பு அங்கே இல்லை. கணினியிலிருந்த பொதிப் பட்டியல் எப்போதோ இறக்கியது; களஞ்சியத்தில் அந்தப் பொதியின் அடுத்த திருத்தப் பதிப்பு வந்து, பழைய கோப்பு நீங்கியிருந்தது. பட்டியலைப் புதுப்பித்தவுடன் அதுவும் தீர்ந்தது. மூன்றாவதாக, டிபிகேஜி பாதியில் நின்ற கதையைச் சொல்லியது. மழைக்காலத்தில் இங்கே மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. முன்பு ஏதோ நிறுவிக்கொண்டிருந்தபோது நின்றிருக்கிறது. பாதியில் நிற்கும் பொதிகளை அமைத்து முடிக்கும் கட்டளை என்ன என்பதையும் அந்தச் செய்தியே கூறுகிறது. அதை அப்படியே தட்டியதும் வேலை முடிந்தது. டீச்சர் அன்று மாலையே தமிழில் தேர்வுத்தாள் தட்டச்சு செய்தார். லினக்ஸில் தமிழ் வராது என்று சொன்னவர்கள் இந்த மூன்றில் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை.

‘இது ஒரு கணினியின் கதை, பொதுவாக்க முடியாது’ என்று மறுப்பார்கள். சரி, பொதுவாகவே பேசுவோம். பழைய லினக்ஸில் நிறுவல் தோற்பதற்கான காரணங்களில் முதலாவது முகவரி. உபுண்டுவில் இரண்டு வகைப் பதிப்புகள் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 5 ஆண்டு வழக்கமான ஆதரவு. இடையில் வரும் பதிப்புகளுக்கு 9 மாதம்தான். ஆதரவு முடிந்த இடைப்பதிப்புகளின் பொதிகளை முதன்மைக் களஞ்சியத்திலிருந்து எடுத்து, பழைய வெளியீடுகளுக்கென்றே வைத்திருக்கும் வேறொரு களஞ்சியத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். டெபியனும் அப்படித்தான் தனி ஆவணக் களஞ்சியம் வைத்திருக்கிறது. பொதிகளை யாரும் அழிக்கவில்லை, முகவரிதான் மாறியிருக்கிறது. சோர்சஸ் லிஸ்ட் என்ற கோப்பில் அந்த ஒரு முகவரியைத் திருத்தினால் பெரும்பாலும் போதும்.

இது ஏழை வீட்டுக் கணினிக்கு மட்டும் வரும் சீக்கு என்றும் நினைக்க வேண்டாம். 2019 மார்ச்சில் டெபியன் தன் பழைய ஜெஸ்ஸி பதிப்பின் சில பகுதிகளைக் கண்ணாடிக் களஞ்சியங்கள் எனப்படும் நகல் களஞ்சியங்களிலிருந்து நீக்கியபோது, பெரிய மென்பொருள் நிறுவனங்களின் தானியங்கி வேலைகள் ஒரே நாளில் 404 காட்டி நின்றன. 2021 டிசம்பர் 31-இல் சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் பதிப்பின் ஆயுள் முடிந்து, சில வாரங்களில் அதன் களஞ்சியம் ‘வால்ட்’ என்ற ஆவண முகவரிக்குப் போனது. உலகெங்கும் சர்வர்களில் இதே போன்ற பிழை வந்தது. அந்தச் சர்வர்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்களா? முகவரியைத் திருத்தி வேலையைத் தொடர்ந்தார்கள். அவகாசம் பார்த்து அடுத்த பதிப்புக்கு மாறினார்கள். பெங்களூரில் அரை மணி நேர வேலையாக இருக்கும் பழுது, ஆனச்சாலிலும் பள்ளிவாசலிலும் கணினியின் சாவாக மாறுவதற்குத் தொழில்நுட்பம் காரணம் இல்லை. படித்துச் சொல்ல ஆள் இல்லை என்பதே காரணம்.

இங்கே ஒரு தவறான அறிவுரையையும் மறுக்க வேண்டியிருக்கிறது. ‘பழைய உபுண்டுவா, எல்லாவற்றையும் பழைய வெளியீட்டு முகவரிக்கு மாற்று’ என்று சிலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். 14.04, 16.04, 18.04 போன்ற நீண்டகாலப் பதிப்புகள் வழக்கமான ஆதரவு முடிந்த பிறகும் முதன்மைக் களஞ்சியத்திலேயே பல ஆண்டுகள் இருக்கின்றன. அவற்றின் முகவரியை மாற்றினால் நல்ல கணினிக்கு நாமே புதுப் பிழையை வரவழைப்போம். முதலில் எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும். அதற்குக்கூடப் பொறுமை இல்லாதவர் அடுத்தவர் கணினியில் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது காரணம் சாவியும் சான்றிதழும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பழைய களஞ்சியத்திலிருந்து இறக்குவதே ஆபத்து என்ற அச்சம் இங்கிருந்துதான் பிறக்கிறது. களஞ்சியத்தில் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு எண்முத்திரை கணக்கிடப்பட்டிருக்கிறது. பொதியில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை மாறிவிடும். எல்லாப் பொதிகளின் முத்திரைகளும் ஒரு பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியல் கோப்புகளின் முத்திரைகள் ‘ரிலீஸ்’ என்ற கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பின்மேல் உபுண்டுவோ டெபியனோ தன் மறைச்சாவியால் கையொப்பம் இடுகிறது. உங்கள் கணினியிலிருக்கும் பொதுச்சாவி அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. இந்தச் சங்கிலி பத்தாண்டு பழைய பொதிக்கும் அறுவதில்லை. ஆகவே பொதி பழைய களஞ்சியத்திலிருந்து வந்தாலும், பக்கத்து வீட்டுக் கணினியிலிருந்து பென்டிரைவில் பட்டியலோடு சேர்ந்து வந்தாலும், இடையில் யாரும் கலப்படம் செய்யவில்லை என்று ஆப்ட்டால் உறுதி செய்ய முடியும். சாவி காணவில்லை, காலாவதியாகிவிட்டது என்று அது சொன்னால் சாவிப் பொதியைப் புதுப்பிப்பதுதான் வழி. கையொப்பம் பார்க்காமல் நிறுவு என்று கட்டாயப்படுத்துவது அந்தச் சங்கிலியை நாமே வெட்டுவது. கடைகளில் நடப்பது பெரும்பாலும் இந்த வெட்டுதான். வெட்டியவர்களே பிறகு ‘லினக்ஸ் பாதுகாப்பில்லை’ என்றும் சொல்கிறார்கள்.

சான்றிதழ்க் கதை தனி. 2021 செப்டம்பர் 30 அன்று, இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய வேர்ச்சான்றிதழ் ஒன்று காலாவதியானது. உபுண்டு 14.04, 16.04 போன்றவற்றில் சான்றிதழைச் சரிபார்க்கும் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம், புதிய வேர் வழியாகப் போகத் தெரியாமல் காலாவதியான வேரிலேயே போய் முட்டிக்கொண்டது. தேதி சரியாக இருந்தும், இணையம் இருந்தும், எத்தனையோ தளங்களிலிருந்து எதுவும் இறங்கவில்லை. வைரஸ் என்றார்கள், நெட்வொர்க் அட்டை போய்விட்டது என்றார்கள். சான்றிதழ்ப் பொதியைப் புதுப்பித்தவர்களுக்கும், காலாவதியான அந்த ஒரு வேரைப் பட்டியலிலிருந்து நீக்கியவர்களுக்கும் சிக்கல் தீர்ந்தது.

மூன்றாவது, சார்பு. எந்த மென்பொருளும் தனியாக நிற்பதில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம் இருக்கிறது. 14.04-இல் அதன் பதிப்பு 2.19, 18.04-இல் 2.27, 22.04-இல் 2.35. புதிய ஜிலிப்சியை நம்பிக் கட்டிய மென்பொருளைப் பழைய கணினியில் ஏற்ற முடியாது. இது உண்மையான எல்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. 2024-இன் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோடு என்ற நிரலெழுதும் மென்பொருள் ஜிலிப்சி 2.28-க்குக் கீழே உள்ள கணினிகளைக் கைவிட்டபோது, 18.04 சர்வர்களோடு வேலை செய்துகொண்டிருந்த பொறியாளர்கள் பெரும் எதிர்ப்புக் காட்டினார்கள். நிறுவனம் தற்காலிகமாக இறங்கி வந்து அவகாசம் கொடுத்தது. ஆனால் இந்த எல்லை எதைத் தடுக்கிறது என்று பாருங்கள். நேற்று வெளிவந்த மென்பொருளைத் தடுக்கிறது. 18.04-க்கென்று கட்டிய லிப்ரே ஆபீஸையும் ஜிம்ப்பையும் இங்க்ஸ்கேப்பையும் தடுப்பதில்லை. அவை அதன் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளை படம் வரைந்து பழகுவதற்கும் விரிதாளில் மதிப்பெண் கூட்டுவதற்கும் அவை தாராளமாகப் போதும்.

இனி எதிர்தரப்பின் கனமான வாதத்துக்கு வருகிறேன்: பாதுகாப்பு. ‘ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் ஓட்டைகள் அடைபடாது, அதை ஓட்டச் சொல்வது பொறுப்பற்ற அறிவுரை’ என்கிறார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆதரவு முடிந்த கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம், ஆதார் விவரங்களை வைக்க வேண்டாம் என்று நானும் சொல்வேன். ஆனால் இந்த வாதத்தைச் சொல்பவர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள்? லினக்ஸை அழித்துவிட்டு அதே கணினியில் விண்டோஸ் 7-இன் திருட்டு நகலை ஏற்றுகிறார்கள். விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி நினைவகமும் டிபிஎம் 2.0 சில்லும் கேட்கிறது. இந்தப் பழைய கணினிகளில் அந்தச் சில்லு கிடையாது. பழசு என்று ஒன்றை அழித்துவிட்டு, அதைவிடக் காலாவதியான ஒன்றை, அதுவும் உரிமம் இல்லாமல், வைரஸ் காவலை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் ‘ஆக்டிவேட்டர்’ சகிதம் ஏற்றுவதா பாதுகாப்பு?

நம் பக்கத்திலேயே நடந்ததை நினைவுபடுத்துகிறேன். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் தாக்கியபோது வயநாட்டில் ஒரு பஞ்சாயத்து அலுவலகத்தின் கோப்புகள் பூட்டப்பட்டன. பாலக்காட்டில் தென்னக ரயில்வேயின் கோட்ட அலுவலகக் கணினிகளும் அதில் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. உலகளவில் அதிகம் அடிபட்டவை திருத்தம் ஏற்றாத விண்டோஸ் 7 கணினிகள். இத்தனை ஆண்டு கழித்தும் அதே விண்டோஸ் 7-ஐப் பாதுகாப்பின் பேரால் பிள்ளைகள் வீட்டில் ஏற்றுகிறோம்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 18.04-இன் வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தில் முடிந்தது உண்மை. ஆனால் உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனம் ‘உபுண்டு ப்ரோ’ என்ற நீட்டிப்பைத் தனிநபர்களுக்கு 5 கணினிகள் வரை இலவசமாகத் தருகிறது. ஒரு கணக்குத் தொடங்கி, அவர்கள் தரும் குறியீட்டைக் கணினியில் ஒருமுறை கொடுத்தால், 18.04-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஏப்ரல் வரை வரும். ‘காலாவதி’ என்று கடையில் முத்திரை குத்தப்பட்ட கணினிக்கு இன்னும் திருத்தம் வந்துகொண்டிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு மறைத்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளவே முயலவில்லை என்கிறேன்.

மறுபுறத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் லினக்ஸ் பற்றாளர்கள். ‘பழைய பதிப்பை ஏன் கட்டி அழுகிறாய், 24.04-க்கு ஏற்று’ என்பார்கள். நகரத்து இணையத்தில் உட்கார்ந்து சொல்ல எளிது. 24.04-இன் மேசைப் பதிப்புக்கு 4 ஜிபி நினைவகமும் 25 ஜிபி வட்டிடமும் வேண்டும் என்பது உபுண்டுவே சொல்லும் அளவு. நீண்டகாலப் பதிப்புகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் படிப்படியாகத்தான் ஏற முடியும், 14.04-இலிருந்து நேராகத் தாவ வழி இல்லை. ஒவ்வொரு படிக்கும் ஜிபி கணக்கில் இறக்கம். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீட்டில், மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத மழைக்காலத்தில், இதைச் செய்யச் சொல்வது கணினியைப் பாதியில் கொல்லும் யோசனை. 32 பிட் செயலி என்றால் அந்தப் பாதையே 18.04-ஓடு முடிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட கணினிக்கு 2023 ஜூனில் வந்த டெபியன் 12, எளிய எக்ஸ்எஃப்சிஇ திரையோடு, நல்ல வழி. அதற்கு 32 பிட் நிறுவி உண்டு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அது இல்லை. புதுசு என்றாலே நல்லது என்ற பேச்சு இங்கே செல்லாது. இந்த இயந்திரத்துக்கு எது ஏற்றது என்று பார்ப்பவர்தான் உதவுகிறார்.

பழைய லினக்ஸ் கணினிகள் உண்மையில் எதனால் கெடுகின்றன என்று கேட்டால், பழமையால் கெட்டவற்றைவிட, அர்த்தம் தெரியாமல் ஒட்டிய கட்டளைகளால் கெட்டவையே என் கைக்கு அதிகம் வந்திருக்கின்றன. ஆப்ட் பூட்டியிருக்கிறது என்று செய்தி வந்தால், பின்னணியில் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பத்து நிமிடம் பொறுத்தால் பூட்டுத் தானே திறக்கும். பொறுக்காமல் பூட்டுக் கோப்பை அழிக்கிறார்கள். இரண்டு நிறுவல்கள் ஒன்றின்மேல் ஒன்று எழுதி, டிபிகேஜியின் பதிவேடே குழம்பிப் போகிறது. சார்பு குறைகிறது என்று வந்தால், வேறு பதிப்பின் களஞ்சியத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். 14.04 கணினியின் பட்டியலில் 18.04-இன் வரியைச் சேர்த்து வைத்திருந்த ஒன்றைப் பார்த்தேன். எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஜிலிப்சியை மட்டும் புதிய பதிப்பிலிருந்து எடுத்துக் கட்டாயமாக ஏற்றுவது. அடித்தளத்தை உருவிவிட்டு மாடியை நிற்கச் சொல்லும் வேலை அது. அதன்பிறகு சாதாரணக் கட்டளைகூட ஓடாது. இத்தனையும் செய்துவிட்டு ‘பாத்தீங்களா, லினக்ஸே இப்படித்தான்’ என்று சொல்வதை இனியும் நாம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

எது முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 32 பிட் லினக்ஸுக்கான குரோம் 2016-லேயே நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 2025-இல் 32 பிட் லினக்ஸைத் தன் வழக்கமான வெளியீடுகளிலிருந்து நிறுத்தியது. 1 ஜிபி நினைவகக் கணினியில் இன்றைய இணையதளங்களைத் திறப்பது வேதனை. அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, தட்டச்சுக்கும் பாடப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளலாம். இணையம் இல்லாமல் பொதி நிறுவவும் வழி இருக்கிறது: நிறுவல் வட்டையே களஞ்சியமாகக் காட்டலாம், அதே பதிப்பு ஓடும் இன்னொரு கணினி ஏற்கெனவே இறக்கிவைத்த பொதிகளைச் சேமிப்பகத்திலிருந்து எடுத்துவந்து ஏற்றலாம். நல்ல சிக்னல் உள்ள இடத்தில் ஒருவர் இறக்கினால், மேலே லயங்களில் இருக்கும் எல்லாக் கணினிக்கும் அது போதும்.

சித்திரபுரத்தில் நின்று ‘பழசு’ என்று ஒரு இயந்திரத்தைத் தள்ளிவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. 1940-இல் மின்சாரம் தரத் தொடங்கிய பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தின் மின்நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அது. அதைத் தேவைக்கேற்பப் புதுப்பித்துக்கொண்டே தலைமுறைகளாக ஓட்டியிருக்கிறார்கள். எந்தப் பாகம் தேய்ந்தது என்று பார்த்து அந்தப் பாகத்தை மாற்றும் அறிவு இந்த ஊருக்குப் புதிதில்லை.

உண்மையான தடை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிழைச்செய்திகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கும், தோட்டத்தில் வேலை பார்க்கும் பெற்றோருக்கும் அந்த நாலு வரி வெறும் கோடுகள். கடைக்காரருக்கும் பல நேரம் அப்படித்தான். ‘ஒண்ணும் ஏறாது’ என்ற பொய் இவ்வளவு நாள் உயிரோடு இருப்பது அந்த இருட்டில்தான். அதனால் என் சண்டை கடைக்காரரோடு மட்டும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக லினக்ஸில் பாடம் நடத்தியும், அடிக்கடி வரும் பத்துப் பிழைச்செய்திகளுக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டாத நம் எல்லோரோடும்தான்.

தேவிகுளம், பீருமேடு, சித்தூர், அட்டப்பாடி பகுதிகளின் தமிழ் ஆசிரியர்களே, அந்த ஒரு பக்கத்தை இந்த விடுமுறையில் எழுதுங்கள். பிழைவரி ஒருபுறம், தமிழில் பொருள் மறுபுறம், செய்ய வேண்டியது அதன் கீழே. பெற்றோர்களே, யாராவது உங்கள் கணினியை அழிக்க வேண்டும் என்று சொன்னால், எந்தப் பிழைவரிக்காக என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். கணினியின் தேதியை நீங்களே பாருங்கள். அந்த வரியை எழுதித் தர முடியாதவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்.